கையுறைக்கு முன்னால் லாரி

மும்பை வெர்சோவா கடற்கரையில் 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷாவும் அண்டை வீட்டு முதியவரும் குப்பை பொறுக்கத் தொடங்கினார்கள். வாராவாரம் ஆட்கள் சேர்ந்தார்கள். 2018 மார்ச்சில் அந்த மணலிலிருந்து பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்கு ஊர்ந்தன.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு தூய்மைப் பணி நாளை ஏற்பாடு செய்பவர் கையுறை வாங்கும் முன்பே மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ பேசி, குப்பை லாரி வரும் நேரத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காலையில் கட்டிய மூட்டைகளை மாலைக்குள் நாய்களும் மாடுகளும் பிரித்துப் போட்டுவிடும்.

அடுத்த கவலை ஊசி. மருத்துவ ஊசி கண்ணில் பட்டால் கையால் தொடக்கூடாது, மூடி போட முயலவே கூடாது. விவரம் தெரிந்த ஒருவர் இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போட வேண்டும். கண்ணாடித் துண்டுக்குத் தனி வாளி. சாக்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பித் தோளில் போட்டால், உள்ளிருக்கும் கூர்முனை முதுகைப் பதம்பார்க்கும். மணலில் புதைந்த மீன்வலையைப் பிடித்து இழுப்பவர்களுக்கு இடுப்புப் பிடிப்பு நிச்சயம். வெளியே தெரியும் பகுதியை அறுத்தெடுத்தால் போதும்.

காலை 6 மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். குடிநீர், முதலுதவிப் பெட்டி, மூடிய காலணி கட்டாயம். சாக்கடை ஓரம் சிறுவர்களை விடக்கூடாது.

அள்ளுவதோடு வேலை முடிவதில்லை. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணியில், பொறுக்கியதை வகைவாரியாக எண்ணி எழுதுவதும் வழக்கம். பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த சிகரெட் துண்டுகளை, 2019ஆம் ஆண்டுக் கணக்கில் தின்பண்ட உறைகள் முந்தின.