தனிவழி நின்ற திகிற்கதை ஆசிரியர்



அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்களை நான்காக வகுத்தார். தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பன அவை. இந்நான்கினுள்ளும் எளிதில் அடங்காத ஓர் அச்சத்தைத் தம் கதைகளின் உயிராக்கினார் அமெரிக்க எழுத்தாளர் ஹோவார்ட் பிலிப்ஸ் லவ்கிராப்ட். எல்லையற்ற பேரண்டத்தின் முன் மனிதன் ஒரு பொருட்டே அல்லன் என்னும் உணர்விலிருந்து எழும் அச்சம் அது. பெரிய பதிப்பகம் எதனுடைய ஆதரவும் இன்றி எழுதிய அவர், எவரிடம் கற்றார், எவ்வாறு எழுத்தாளராக உருவானார் என்பதை இன்று நோக்குவோம்.

லவ்கிராப்ட் 1890ஆம் ஆண்டு றோட் ஐலண்ட் மாநிலத்தின் புரொவிடன்ஸ் நகரிற் பிறந்தார். மூன்று வயது நிரம்பாத குழந்தையாய் இருந்தபோதே தந்தை சித்தம் கலங்கி மருத்துவமனை புகுந்தார்; 1898இல் அங்கேயே இறந்தார். சிறுவனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் தாய்வழிப் பாட்டனார். பழைய பாணியிலமைந்த பேய்க்கதைகளைத் தாமே கட்டி, பேரனுக்கு வாய்மொழியாகச் சொன்னவர் அவர். அராபிய இரவுக் கதைகளும் கிரேக்கப் புராணங்களும் அவ்வயதிலேயே சிறுவனுக்குப் பழக்கமாயின. பாட்டியார் மறைந்தபின், முகமற்ற கரிய உருவங்கள் அவன் கனவுகளில் வந்து அச்சுறுத்தின. 1904இற் பாட்டனாரும் இறக்கவே, குடும்பம் தன் பெரிய வீட்டை இழந்தது. உடலும் மனமும் தளர்ந்தமையால், 1908இற் பள்ளிப் படிப்பும் நிறைவுறாமலே நின்றது.

அவருடைய ஆசான்களுள் மூவர் குறிப்பிடத்தக்கவர். முதல்வர் எட்கார் அலன் போ. சிறுகதையின் ஒவ்வொரு வாக்கியமும் ஒரே உணர்ச்சியை நோக்கிச் செல்லவேண்டும் என்னும் பாடத்தை லவ்கிராப்ட் இவரிடம் கற்றார். இரண்டாமவர் அயர்லாந்து எழுத்தாளரான டன்சனி பிரபு. உலகில் எந்த மக்களும் வணங்காத தெய்வக் கூட்டமொன்றை எழுத்தாளன் தானே படைக்கலாம் என்பதைக் காட்டியவர் இவர். மூன்றாமவர் வேல்ஸ் நாட்டவரான ஆதர் மகென். அமைதியான நாட்டுப்புறத்தின் அடியிலே பழங்காலத் தீமை உறங்கக்கூடும் என்பது இவர் தந்த கருத்து. இவற்றோடு வானியற் கல்வியும் சேர்ந்தது. 1906இல், இளைஞராய் இருந்தபோதே, உள்ளூர்ப் பத்திரிகைகளில் வானியற் கட்டுரைகள் எழுதியவர் அவர். விண்மீன்களின் தொலைவையும் காலத்தின் நீளத்தையும் அறிந்த உள்ளத்துக்குச் சுடுகாட்டுப் பேய் சிறியதாகவே தோன்றியிருக்கும்.

ஆயினும், கற்றதை வெளியிட வழி வேண்டுமல்லவா? 1914ஆம் ஆண்டில் அவர் பொழுதுபோக்குப் பத்திரிகையாளர் சங்கமொன்றிற் சேர்ந்தார். அங்கத்தவர்கள் தம் கைப்பணத்தில் சிறு சஞ்சிகைகளை அச்சிட்டுத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்புவர், குறைநிறைகளையும் எடுத்துரைப்பர். ஊதியம் என்பது இல்லை. லவ்கிராப்டும் சொந்தச் சஞ்சிகையொன்றை 1915 முதல் 1923 வரை பதின்மூன்று இதழ்கள் வெளியிட்டார். சிறுகதை எழுதுவதை அவர் 1908இலேயே கைவிட்டிருந்தார். மீண்டும் எழுதுமாறு தூண்டியவர், சங்கத் தோழரான போல் குக். அதன் பயனாக 1917இல் எழுதப்பட்ட ‘டேகன்’ என்னும் கதையை, 1919இல் குக்கே தம் சஞ்சிகையில் வெளியிட்டார்.

1923இல் ‘வியர்ட் டேல்ஸ்’ என்னும் விற்பனைச் சஞ்சிகை தோன்றியது. லவ்கிராப்ட் ஐந்து கதைகளை அனுப்பினார். அவற்றுள் ஒன்று வேறொரு சஞ்சிகையால் மறுக்கப்பட்டது என்பதையும், ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றுதல் ஆகாது என்பதையும் உடன் எழுதினார்! பத்திராதிபர் வரிகளுக்கிடையே போதிய இடம் விட்டுத் தட்டெழுதி அனுப்பும்படி கேட்டார். தட்டெழுத்தை வெறுத்த லவ்கிராப்ட், ‘டேகன்’ ஒன்றை மட்டுமே திரும்ப எழுதி அனுப்ப, அது ஏற்கப்பட்டது.

ஆசான்களின் நிழலிலிருந்து வெளிவர அவருக்கு நெடுங்காலம் சென்றது. 1926இல் எழுதி, முதலில் மறுக்கப்பட்டு, 1928இல் வெளியான ‘கதுலுவின் அழைப்பு’ அவருக்கே உரிய அச்சத்தை நிலைநாட்டியது. ஆனால் 1929இல் எழுதிய கடிதமொன்றிலும், போவைப் போன்றவையும் டன்சனியைப் போன்றவையும் தம்மிடம் உண்டு, தம்முடையவை எங்கே என்று அவர் வருந்தினார். 1931இல் எழுதிய அந்தாட்டிக்கா நெடுங்கதையும் மறுக்கப்பட்டபோது மனம் உடைந்தார். பிறர் எழுத்துகளைத் திருத்திக் கொடுத்துப் பெற்ற சிறு கூலியே பெரும்பாலும் அவர் சீவனோபாயம். அவர் வாழ்நாளில் நூலுருப் பெற்ற கதை ஒன்றே. 1936இல் வந்த அந்நூலிலும் அச்சுப்பிழைகள் மலிந்திருந்தன. மறு ஆண்டு, நாற்பத்தாறாம் வயதில், புற்றுநோயால் அவர் இறந்தார்.

அவருடைய குறையையும் மறைத்தலாகாது. பிற இனத்தவர்மீது அவர் கொண்ட வெறுப்பு கடிதங்களிலும் சில கதைகளிலும் வெளிப்படையாக உள்ளது. உலகக் கற்பனை இலக்கியப் பரிசாக வழங்கப்பட்டுவந்த அவரது தலையுருவம், எழுத்தாளர் பலரின் எதிர்ப்பினால் 2015இற் கைவிடப்பட்டது. அறியாததை அஞ்சுதல் கதைக்கு வளமாகலாம். அயலாரை அஞ்சுதல் மனத்தைக் குறுக்கிவிடும் என்பதற்கும் அவரே சான்று.

எனினும், அவரது எழுத்து அழியவில்லை. அதனைக் காத்தது நட்பு. கடிதத் தோழர்களான ஓகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வன்ட்ரேயும், பெரிய பதிப்பகங்கள் மறுத்தபின், தாமே ஆர்க்கம் ஹவுஸ் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கி, 1939இல் அவர் கதைகளைத் தொகுத்து 1,268 பிரதிகள் அச்சிட்டனர். 1933இற் பதினாறு வயதுப் பையனாக அவருக்குக் கடிதம் எழுதி ஊக்கம் பெற்ற றொபேட் புளொக், பிற்காலத்தில் ‘சைக்கோ’ நாவலை எழுதினார். சந்தை கேட்டதை எழுத மறுத்தமைக்கு லவ்கிராப்ட் வறுமையை விலையாகக் கொடுத்தார். ஆனால் பலன் கருதாது முன்பின் அறியாத இளைஞர்களுக்கு அவர் எழுதிய எண்ணற்ற கடிதங்களே, அவர் கதைகளுக்கு அடுத்த தலைமுறையைத் தேடித் தந்தன.