ஒரு நாள் வாழும் செய்தி

துறைமுகப் பட்டினங்களில் வாழ்வோர் புயல் எச்சரிக்கைக் கூண்டை நன்கு அறிவர். கடலில் புயற்சின்னம் தோன்றிய செய்தி வானிலைத் துறையினரிடமிருந்து கிடைத்ததும், துறைமுக அதிகாரிகள் உயர்ந்த கொடிமரத்தில் உரிய குறியை ஏற்றுவர். பகற்பொழுதில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் அக்குறிகளாகும். நம் நாட்டில் இவை 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டுள்ளன. அபாயம் நீங்கியதும் குறி இறக்கப்படும்.

இக்குறிக்கு மூன்று இயல்புகள் உண்டு. அது மிகச் சுருக்கமானது. எழுத்தறியாத மீனவரும் ஒரே பார்வையில் அறிந்து கொள்ளலாம். அது தற்காலிகமானது. மேலும், கண்ணுக்கெட்டிய தொலைவில் உள்ள அனைவர்க்கும் அது பொதுவானது. இன்று கோடிக்கணக்கானோர் தம் கைபேசிகளில் கையாளும் வாட்ஸ்அப் 'ஸ்டேட்டஸ்' என்னும் வசதி இவற்றுள் முதல் இரண்டு இயல்புகளை உடையது. மூன்றாவது இயல்பு அதற்கு இல்லை. இந்த வேறுபாட்டைக் கருதாமல் களப்பணியாளரும் ஆசிரியரும் அதனைப் பொது அறிவிப்புப் பலகையாகப் பயன்படுத்தும்போது என்ன நேர்கிறது என்பதை இங்கு ஆராய்வோம். ஸ்டேட்டஸ் என்பதற்குத் தக்க தமிழ்ச் சொல்லைப் புலவர் பெருமக்கள் ஆக்கித் தரட்டும். செம்பூர்க் கடைத்தெருவில் தமிழர்கள் 'ஸ்டேட்டஸ் வைப்பது' என்றே வழங்குகின்றனர். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

வாட்ஸ்அப் தோன்றியதே இத்தகைய நிலைச் செய்திக்காகத்தான் என்பது பலர் அறியாத செய்தி. 2009-ஆம் ஆண்டில் யான் கூம், பிரையன் ஆக்டன் ஆகியோர் இதனை அமைத்தனர். ஒருவருடைய பெயரின் அருகில் 'வேலையில் இருக்கிறேன்', 'பேச இயலாது' என்பன போன்ற சிறு தொடர் தோன்ற வேண்டும். அழைப்பதற்கு முன்னரே நண்பர் அதனைக் கண்டு கொள்ள வேண்டும். தொடக்கத்தில் நோக்கம் இவ்வளவே. அவ்வாண்டிலேயே ஆப்பிள் நிறுவனம், செயலி திறக்கப்படாத நேரத்திலும் கைபேசிக்கு அறிவிப்பு அனுப்பும் முறையைக் கொண்டு வந்தது. அதன்பின் ஒருவர் தம் நிலைத் தொடரை மாற்றியவுடன் நண்பர்களின் கைபேசிகள் ஒலித்தன. மக்கள் அதனையே உரையாடலாக்கிக் கொண்டனர். கடிதப் போக்குவரத்துப் போன்ற செய்திப் பரிமாற்றம் பின்னர் வந்ததே. ஒரு நாளில் மறையும் படத்தொகுப்பு வேறிடத்தில் பிறந்தது. ஸ்னாப்சாட் நிறுவனம் 2013-இலும், இன்ஸ்டாகிராம் 2016-இலும் அதனைப் புகுத்தின. 2017 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பும் அம்முறையை மேற்கொண்டது. பழைய சிறு தொடரை எடுத்துவிட்டதைப் பயனாளர் பலர் விரும்பாமையால், சில வாரங்களில் அது 'அறிமுகம்' பகுதியில் மீண்டும் இடம்பெற்றது.

இதன் இயக்கத்தைச் சுருங்கக் காண்போம். ஒருவர் ஸ்டேட்டஸ் வைத்தவுடன் அச்செய்தி அவருடைய கைபேசியிலேயே மறைகுறியாக மாற்றப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி, பெறுவோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மறைத்து அனுப்பப்படுகிறது. பூட்டிய பெட்டி ஒன்றே. சாவியின் படிகள் பல என்று கொள்ளலாம். பெட்டியை ஏற்றுச் சேர்ப்பிக்கும் சர்வர் அதனைத் திறக்க இயலாது. குழுக்களுக்கு அனுப்பும் செய்தியும் ஏறத்தாழ இம்முறையிலேயே செல்கிறது. 24 மணி நேரம் கடந்ததும் பெறுவோரின் செயலி அதனைக் காட்டுவதை நிறுத்திக்கொள்கிறது. சேமித்து வைத்துச் சேர்ப்பிக்கும் இவ்வேலை சிறிதன்று. 2020 மார்ச்சு இறுதியில், ஊரடங்கினால் நாடெங்கும் இணையப் பயன்பாடு பெருகியபோது, ஸ்டேட்டஸ் காணொளியின் நீளம் இந்தியாவில் 30 வினாடியிலிருந்து 15 வினாடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் பழைய அளவுக்கு மீண்டது.

இனி மேற்கூறிய மூன்றாவது இயல்புக்கு வருவோம். ஸ்டேட்டஸ் யாரைச் சென்றடைகிறது? வைப்பவரின் எண் பார்ப்பவரின் கைபேசியிலும், பார்ப்பவரின் எண் வைப்பவரின் கைபேசியிலும் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையெனினும் செய்தி செல்லாது. எனவே இதன் எல்லை நிலத்தின் எல்லையன்று. எண் புத்தகத்தின் எல்லையாகும்.

இதன் பொருளைத் தாராவியில் தெளிவாகக் காணலாம். சற்றேறக்குறைய 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் இலட்சக்கணக்கானோர் வாழும் அப்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழர் மிகுதி. குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடாவும் அங்கேயே உள்ளது. உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் பலர். இங்கு ஒரு தமிழ் ஊழியர், 'நாளைக் காலை நம் சந்தில் தடுப்பூசி முகாம்' என்று ஸ்டேட்டஸ் வைப்பதாகக் கொள்வோம். அதனைத் திருநெல்வேலியில் இருக்கும் அவருடைய தமையனார் காண்பார்; செம்பூரில் வாழும் மைத்துனர் காண்பார். மூன்றடி அகலச் சந்தின் எதிர்வீட்டில் கைக்குழந்தையுடன் இருக்கும் தாய் காண மாட்டார், அவருடைய எண்ணை ஊழியர் குறித்து வைத்துக் கொள்ளாவிடில். ஊழியர் மாலையில் 'பார்த்தோர் 140 பேர்' என்று கண்டு மனநிறைவு கொள்வார். முகாமுக்கு வர வேண்டியவர் அந்த 140 பேரில் எத்தனை பேர் என்பதே வினா.

இக்குறையைப் போக்குதல் கடினமன்று. வீடு வீடாகச் சென்று பதிவேடு எழுதும்போதே, குடும்பத் தலைவியின் எண்ணைத் தம் கைபேசியில் பதித்து, அங்கேயே ஒருமுறை அழைத்து, தம் எண்ணையும் அவர் கைபேசியில் பதியச் செய்ய வேண்டும். பெயருடன் சந்தின் பெயரையும் சேர்த்துப் பதிந்தால், பார்த்தோர் பட்டியலைப் பின்னர்ச் சரிபார்க்க உதவும். இருப்பினும் இப்பட்டியலை முழுமையாக நம்பலாகாது. படித்ததைக் காட்டும் நீலக் குறியை நிறுத்தி வைத்திருப்போரின் பெயர் அதில் தோன்றாது. மாறாக, ஒரே கைபேசியைத் தந்தையும் மகனும் மாறி மாறிக் கையாளும் வீட்டில் பார்த்தவர் மகனாக இருக்கலாம். செய்தி தந்தைக்குரியதாக இருக்கலாம்.

மற்றொரு நுட்பமும் உண்டு. குழுவில் இடும் செய்தி பெறுவோரைத் தட்டி எழுப்புகிறது. ஸ்டேட்டஸோ பெரும்பாலும் அவ்வாறு அழைப்பதில்லை. திண்ணையில் வைத்த ஏடு போல, தேடி வருவோர்க்காகக் காத்திருக்கிறது. உயிருக்கு இடர் விளையும் நேரத்தில் இதனை நம்பியிருத்தல் தவறு. மும்பை மாநகராட்சியின் பேரிடர் உதவி எண் 1916 என்பதை ஓராண்டு முழுவதும் மக்கள் மனத்தில் பதிய வைப்பதற்கு ஸ்டேட்டஸ் பயன்படலாம். வெள்ளம் வீட்டுக்குள் புகும்போது அந்த எண்ணை அழைப்பதே வேலை.

செய்தியின் ஆயுளைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் உண்மையாய் இருக்கும் காலம் ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டின் முதல் ஊரடங்கு ஏப்ரல் 14 வரை என அறிவிக்கப்பட்டிருந்தது. மூன்று வாரங்களாக அச்செய்தி மெய்யே. ஏப்ரல் 14 காலையில் ஊரடங்கு மே 3 வரை நீட்டிக்கப்பட்டபோது அது பொய்யாயிற்று. அன்று பிற்பகல், சொந்த ஊர் செல்ல வேண்டுமென்று வெளிமாநிலத் தொழிலாளர் பெருங்கூட்டமாகப் பாந்திரா ரயில் நிலையத்தருகே திரண்டனர். ரயில்கள் ஓடும் என்ற பேச்சு அவர்களிடையே பரவியிருந்தது. பாந்திராவோ தாராவிக்கு அடுத்த பகுதி. தாராவியில் முதல் தொற்று கண்டறியப்பட்டு இரு வாரங்களே ஆகியிருந்தன. காலங்கடந்த செய்தியும் பொய்ச்செய்தியைப் போன்றே தீங்கு செய்யக்கூடும். அவ்வகையில், குழுவிலிருந்து குழுவுக்குத் தாவி ஆண்டுக்கணக்கில் உலவும் செய்தியை நோக்க, தானே மறையும் செய்தி மேலானதே.

ஆனால் 24 மணி நேரம் என்பது எல்லாச் செய்திக்கும் பொருந்தும் அளவன்று. மழைக்காலத்தை எடுத்துக்கொள்வோம். மித்தி ஆறு தாராவியின் ஓரமாகச் சென்று மாஹிம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. கனமழை பெய்யும் நேரத்தில் கடலில் ஓதம் உயர்ந்து நின்றால், வடிகால் நீர் கடலுக்குள் செல்ல வழியின்றித் தெருவில் தேங்குகிறது, 4.5 மீட்டருக்கு மேற்பட்ட ஓதம் அபாயமெனக் கருதப்படுகிறது. உயர் ஓதம் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே மறுநாள் அதே ஓதம் சுமார் 50 நிமிடம் தாமதித்து வருகிறது. 'இன்று பகல் 1 மணிக்கு ஓதம்' என்று காலை 7 மணிக்கு வைத்த ஸ்டேட்டஸ் மறுநாள் காலை 7 மணி வரை கண்ணுக்குத் தெரியும். மறுநாள் விடியலில் அதனைக் காண்பவர் 'இன்று' என்பதை அன்றைய தினமாகவே கொள்வார். அதற்குள் இரண்டு ஓதங்கள் வந்து வடிந்திருக்கும். வைத்த நேரத்தைச் செயலி மேலே சிறு எழுத்தில் காட்டுகிறது என்பது உண்மையே. திரையைப் படம் பிடித்து மற்றவர்க்கு அனுப்பும்போது அவ்வரி பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போகிறது.

இடத்தைக் குறிப்பதும் அவ்வாறே. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நகரின் தென்கோடியில் உள்ள கொலாபாவில் பதிவானது 75 மில்லிமீட்டருக்கும் குறைவு. 'மும்பையில் பேய்மழை' என்ற செய்தியால் அன்று எவர்க்கு என்ன பயன் விளைந்திருக்கும்? மாட்டுங்காவில் உள்ள ஆசிரியர் பின்வருமாறு எழுதலாம்: 'ஜூலை 14, காலை 7 மணி. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் எதிரில் முழங்கால் அளவு நீர். நான் நேரில் கண்டது. உயர் ஓதம் ஜூலை 14 பகல் 1 மணி. பள்ளி பற்றிய முடிவு 9 மணிக்கு.' நாள், நேரம், இடம், கண்டவர், அடுத்த செய்தி எப்போது என்ற ஐந்தும் இதில் அடங்கியுள்ளன. 9 மணிக்கு முடிவு தெரிந்தவுடன் பழையதை நீக்கிப் புதியதை வைக்க வேண்டும். நீக்காவிடில் இரண்டும் அடுத்தடுத்துத் தோன்றும். அவசரத்தில் இருக்கும் பெற்றோர் முதலாவதை மட்டும் கண்டு செல்வர்.

மறைந்துவிடும் என்ற துணிவினால் சிலர் எழுதத் தகாதவற்றையும் எழுதுகின்றனர். மறைதல் என்பது செயலியின் ஒழுங்கு மட்டுமே, இயற்கை விதியன்று. பார்ப்பவர் திரையைப் படம் பிடித்தால், வைத்தவர்க்கு அது தெரிவிக்கப்படுவதில்லை. சட்டத்தின் பார்வையும் கருதத்தக்கது. தம் ஸ்டேட்டஸ் சமய உணர்வைப் புண்படுத்தியதாகத் தொடரப்பட்ட வழக்கை நீக்கக் கோரிய ஒருவர், தம் எண்ணைப் பதிந்து வைத்திருப்போர் மட்டுமே அதனைக் காணக்கூடும் என்று வாதிட்டார். 2023 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அதனை ஏற்கவில்லை. ஸ்டேட்டஸ் வைப்பதே தொடர்பில் உள்ளோர்க்கு ஒன்றைத் தெரிவிக்கும் நோக்கத்துடன்தான் என்றும், அதில் பொறுப்புணர்வு தேவை என்றும் அமர்வு கருதியது.

மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்க்கு இதனால் பெறப்படுவது ஒன்றுண்டு. பரிசு பெற்ற மாணவியின் படத்தை மகிழ்ச்சியோடு வைக்கிறோம். அதனைக் காண்போரில் நம் பால்காரரும், வாடகை வீட்டுத் தரகரும், ஒரே ஒருமுறை பேசிய அயலாரும் இருக்கிறார்கள். பெற்றோரின் இசைவைக் கேட்டுப் பெறுதல் முறை. காய்ச்சல் கண்ட வீட்டின் கதவையோ, மருந்து பெறுவோரின் முகத்தையோ சுகாதார ஊழியர் எக்காரணம் கொண்டும் வைத்தலாகாது. அச்சமுற்ற ஒரு சந்தில், ஒரு வீட்டின் படம் எவ்வளவு தொல்லை விளைவிக்கும் என்பதை 2020-இல் வீடு வீடாகச் சென்று வெப்பம் அளந்த பணியாளர்கள் நன்கு உணர்வர்.

யாவர் காணலாம் என்பதை அமைக்க மூன்று வழிகள் உள்ளன: எண் பதிந்த அனைவரும், சிலரைத் தவிர்த்து ஏனையோர், தேர்ந்தெடுத்த சிலர் மட்டும். பணிச் செய்திகளுக்கு மூன்றாவது வழியில் தம் பகுதிக் குடும்பங்களை மட்டும் தேர்ந்து வைத்தல் நன்று. ஒன்றை மறத்தலாகாது: அமைப்பை மாற்றினால் அது அடுத்து வைக்கும் ஸ்டேட்டஸுக்கே பொருந்தும், முன்னரே வைத்ததை அது கட்டுப்படுத்தாது. தவறான பட்டியலுக்குச் சென்றுவிட்டது என்று அறிந்தால் அமைப்பைத் திருத்திக்கொண்டு காலம் கடத்தாமல், முதலில் அந்த ஸ்டேட்டஸை நீக்கிவிட்டு, பின்னர் அமைப்பைத் திருத்தி, மீண்டும் வைக்க வேண்டும்.