பச்சை குத்திக்கொள்ள நாள் குறிப்பதற்கு முன்னர்

பச்சை குத்திக்கொள்வது எமது சமூகத்துக்குப் புதிய பழக்கமன்று. முழங்கைக்குக் கீழே கணவனின் பெயரையோ தேளின் உருவத்தையோ கோலப் புள்ளிகளையோ சுமந்த மூதாட்டிகளை மலையகத்தில் பலரும் கண்டிருப்பர். குறத்தி வாசலுக்கு வந்து, திண்ணையில் அமர்ந்து குத்திவிட்டு, கூலியாக அரிசியையும் சில்லறையையும் பெற்றுச் சென்ற காலம் அது. அன்று நாள் குறிப்பதும் இல்லை, முற்பணம் கட்டுவதும் இல்லை. இன்று அதே காரியம் கொழும்பிலும் தெற்கின் உல்லாசப் பயணக் கரையோர நகரங்களிலும் குளிரூட்டப்பட்ட அறைகளில், முன்பதிவின் பேரில், மின்சார இயந்திரத்தினால் நடைபெறுகின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவரின் பிள்ளைகள் பதினெட்டு வயது பூர்த்தியானதும் முதலில் செய்யும் காரியங்களுள் ஒன்றாகவும் இது ஆகிவருகின்றது. தோமஸ் எடிசனின் மின்பேனாவைத் தழுவி, நியூயோர்க்கில் சாமுவேல் ஓரெய்லி என்பவர் 1891 இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வழித்தோன்றல்களே இன்றைய கருவிகள்.

நிரந்தரமாகப் பச்சை குத்துவது ஹதீஸின் அடிப்படையில் தடுக்கப்பட்டது என்பதே இஸ்லாமிய அறிஞர்களில் பெரும்பான்மையினரின் நிலைப்பாடாகும். ஏனைய சமூகங்களில் அத்தகைய திட்டவட்டமான விலக்கு இல்லையாயினும், பெற்றோரின் எதிர்ப்புக்குக் குறைவில்லை. குத்துவது சரியா பிழையா என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. குத்துவதென்று முடிவு செய்த ஒருவரின் பாதுகாப்பு, ஊசி தோலில் படும் நாளில் அன்றி, தவணை கேட்டுத் தொலைபேசியை எடுக்கும் நாளிலேயே பெருமளவு தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. அதனை விளக்குவதே நோக்கம்.

முதலில் நடப்பது என்னவென்று தெரிந்திருத்தல் நன்று. இயந்திரத்தின் ஊசி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவைகள் தோலைத் துளைத்து, ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் மையை விடுகின்றது. தோலின் மேற்படை சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் அங்கு மை நிலைக்காது. அதற்குக் கீழுள்ள படையிலேயே அது தங்குகின்றது. உடலின் காவற் கலங்கள் மைத்துகள்களை விழுங்குகின்றன. அவற்றை அழிக்க இயலாமல் வைத்துக்கொண்டிருக்கின்றன. அக்கலங்கள் இறக்கும்போது வெளியேறும் மையைப் புதிய கலங்கள் மீண்டும் விழுங்குவதனாலேயே பச்சை அழிவதில்லை என எலிகளில் நடத்திய ஆய்வொன்றின் மூலம் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் 2018 இல் எடுத்துக்காட்டினர். சுருங்கக் கூறின், குத்தி முடித்து எழுந்து செல்பவர் ஒரு திறந்த காயத்துடனேயே செல்கின்றார்.

இரத்தம் படும் ஊசி என்றதும் எம்மவர் மனதில் எழுவது எயிட்ஸ் பற்றிய அச்சமே. ஆனால், கணக்கு வேறொன்றைச் சொல்கின்றது. நோய்த்தொற்றுள்ள ஊசியினால் தற்செயலாகக் குத்தப்பட்ட மருத்துவ ஊழியர்களை அவதானித்த ஆய்வுகளின்படி, எச்.ஐ.வி. தொற்றுவதற்கான வாய்ப்பு சுமார் 0.3 வீதம். தடுப்பாற்றல் இல்லாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி எனப்படும் ஈரல் அழற்சி தொற்றுவதற்கான வாய்ப்போ 6 முதல் 30 வீதம் வரையிலாகும். அந்த வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியில், ஒரு வாரமளவில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. வளர்ந்தோரில் மிகப் பெரும்பாலானோர் இதிலிருந்து தாமாகவே குணமடைகின்றனர் என்பது உண்மையே. எஞ்சிய சிலர் வாழ்நாள் முழுவதும் காவிகளாக இருக்க நேரிடுகின்றது. எமது நாட்டில் ஹெபடைடிஸ் பி குறைந்த அளவிலேயே காணப்படுகின்றது. ஆயினும், உல்லாசப் பயணிகள் வந்துசெல்லும் இடமொன்றில் முன்னைய வாடிக்கையாளர் எந்த நாட்டவர் என்பது எவருக்கும் தெரியாது.

இதில் எமது இளைஞர்கள் கவனிக்க வேண்டிய விடயமொன்று உண்டு. வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நாடிச் செல்வோருக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய மூன்றுக்குமான இரத்தப் பரிசோதனைகளும் அடங்கும். இவற்றில் ஒன்று உறுதியானாலும் விண்ணப்பதாரர் தகுதியற்றவராகக் கணிக்கப்படுகின்றார். அதன் பின்னர் அந்தக் குடும்பத்தின் கடனை யார் அடைப்பது?

ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. சி நோய்க்கு இல்லை. இலங்கையில் குழந்தைகளுக்கான தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி சேர்க்கப்பட்டது 2003 ஆம் ஆண்டிலாகும். ஆகவே, அதற்கு முன்னர் பிறந்தவர்கள், பின்னர் தனிப்பட்ட முறையில் ஏற்றிக்கொண்டிருந்தாலன்றி, பாதுகாப்பற்றவர்களே. வளர்ந்தோருக்கு வழமையாக மூன்று ஊசிகள்: முதலாவதன் பின் ஒரு மாதத்தில் ஒன்றும் ஆறாவது மாதத்தில் ஒன்றும். எனவே, நிதானமாகத் தயாராக விரும்புபவர் அரை வருடத்துக்கு முன்னரே தொடங்க வேண்டியிருக்கும். இது மிகையாகத் தோன்றலாம். வாழ்நாள் முழுவதும் உடலில் இருக்கப்போகும் ஒன்றுக்கு ஆறு மாதம் நீண்ட காலமன்று.

இனி, நிலையத்தைத் தெரிவு செய்வது. முற்பணம் செலுத்துவதற்கு முன்னர் ஒருமுறை நேரில் சென்று பார்த்தல் அவசியம். சமூக வலைத்தளங்களில் காணப்படும் படங்கள் ஓவியரின் கைத்திறனைக் காட்டுமேயன்றிக் கழிவுக் கூடையைக் காட்டுவதில்லை. வேறொருவருக்குக் குத்தும்போது, அவர் சம்மதித்தால், ஓரமாக நின்று பார்க்கக் கேட்கலாம். ஊசி, முத்திரையிட்ட உறையிலிருந்து வாடிக்கையாளரின் கண்முன்னே எடுக்கப்படுகின்றதா? உறையில் காலாவதித் திகதி உண்டா? மை, போத்தலிலிருந்து நேரடியாகத் தொடப்படாமல், ஒருவருக்கு ஒன்றாகச் சிறு கிண்ணத்தில் ஊற்றப்பட்டு, மீதி வீசப்படுகின்றதா? கையுறையுடன் கைத்தொலைபேசியைத் தொட்டுவிட்டு, அதே கையுறையுடன் தோலைத் தொடுகின்றாரா? கடைசியாகச் சொன்னது சாதாரணமாக நிகழும் தவறு. வேறெதையும் விட அதுவே அந்த இடத்தின் பழக்கவழக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு தடவை பாவித்து வீசும் கருவிகள் தவிர்ந்த, மீளப் பாவிக்கும் உலோகப் பிடி முதலியவை நீராவி அமுக்கத்தில் தொற்றுநீக்கப்பட வேண்டும். 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில், அமுக்கத்தின் கீழ், குறைந்தது 15 நிமிடங்கள் என்பது பொதுவான அளவு. கொதிநீரில் இடுவதோ ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சினால் துடைப்பதோ இதற்கு ஈடாகாது. அந்த இயந்திரத்தைக் காட்டுமாறு கேட்பதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. நல்ல நிலையத்தார் பெருமையுடன் காட்டுவர். சினம் கொள்பவரிடம் தவணை பெறாமல் திரும்பிவிடலாம். (திருவிழாக்களில் செடில் குத்தும் முட்களையும், குழந்தைகளுக்குக் காது குத்தும் ஊசியையும் பற்றி இதே கேள்வியை நாம் கேட்பதில்லை என்பதையும் இங்கு சொல்லத்தான் வேண்டும்.)

வேல்ஸ் நாட்டில் 2024 நவம்பர் 29 ஆம் திகதி முதல் பச்சை குத்துபவரும் அவரது நிலையமும் கட்டாய அனுமதி பெற்றிருக்க வேண்டும். அவ்வாறான சான்றிதழ் சுவரில் தொங்காத இடத்தில், பரிசோதகரின் வேலையை வாடிக்கையாளரே செய்தாக வேண்டியுள்ளது.

மையைப் பற்றியும் வினவுதல் வேண்டும். சுத்தமான கையும் புதிய ஊசியும் இருந்தும், மை அசுத்தமானால் பயனில்லை. 2011 இன் பிற்பகுதியில் நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில் ஒரே ஓவியரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் நீடித்த கொப்புளங்கள் தோன்றின. விசாரணையில், தயாரிப்பின்போதே கிருமி கலந்த சாம்பல் நிற மையே காரணமெனத் தெரியவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து பச்சை குத்தும் மைகளிலுள்ள ஆயிரக்கணக்கான இரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. இணையத்தில் மலிவாக வாங்கிய, பெயரும் தொகுதி இலக்கமும் இல்லாத மை எங்கிருந்து வந்தது என்பதை எவராலும் கூற இயலாது. போத்தலின் பெயர்ச்சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்வது பின்னர் ஒவ்வாமை ஏற்பட்டால் வைத்தியருக்கு உதவும்.

நிலையத்தாரிடம் கேட்பதைப் போலவே, அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. எமது நாட்டில் நீரிழிவு பரவலாக இருப்பதால் இதனை வலியுறுத்த வேண்டியுள்ளது. சீனியின் அளவு கட்டுப்பாட்டில் இல்லாதவரின் காயம் ஆறத் தாமதிக்கும், தொற்றும் எளிதில் ஏற்படும். காலின் கீழ்ப்பகுதியில் இது மேலும் மோசமாகும். குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள் தமது வைத்தியரைக் கேளாமல் தவணை பெறலாகாது. குத்துவதற்காகத் தாமாகவே மருந்தை நிறுத்துதல் அதனினும் ஆபத்தானது. கர்ப்பிணிகள் பிற்போடுவதே நன்று. முன்னைய காயங்கள் தடித்து, வளர்ந்த தழும்பாக மாறிய அனுபவமுள்ளவர்களுக்கு, குத்திய கோடுகளும் அவ்வாறே தடிக்கக்கூடும். கருநிறத் தோலில் இந்தத் தன்மை அதிகம். வெளிர் நிற மைகள் எமது தோலில் படத்தில் காண்பதைப் போல் தெரிவதில்லை என்பதையும் நேர்மையான ஓவியர் முன்கூட்டியே சொல்வார்.

வடிவத்தைத் தெரிவு செய்வது அவரவர் விருப்பம் என்பர். எமது நாட்டைப் பொறுத்தவரை அது முழுமையான உண்மையன்று. புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியத் தாதியொருவர் 2014 ஏப்ரலில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டு, தடுத்து வைக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடு வழங்கியது. நீதி மூன்றரை வருடங்களின் பின்னர் வந்தது. நீர்கொழும்புச் சிறையில் கழிந்த இரவை அது மீட்டுத்தரவில்லை. யுத்த காலத்தில் உடலிலிருந்த தழும்புக்காகச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்டவர்களைக் கொண்ட சமூகத்துக்கு, உடலிலுள்ள குறியை அதிகாரம் எவ்வாறு வாசிக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் குத்தும் இலச்சினையொன்று ஊருக்கு வரும்போது என்ன பொருள் கொள்ளும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் எடுத்துச் சொல்வது நல்லது.

எழுத்துகளைக் குத்துவதாயின் வேறொரு எச்சரிக்கை. தமிழ் அறியாத ஓவியரின் கணினியில் எழுத்துரு சரியில்லாதபோது கொம்பும் அரவும் இடம் மாறிவிடும். அரபு எழுத்துகளோ இணைய வேண்டிய இடத்தில் பிரிந்து, சில வேளைகளில் தலைகீழ் வரிசையில் வந்துவிடுகின்றன. கையால் தெளிவாக எழுதிக் கொண்டு செல்வதுடன், ஊசி வைக்குமுன் தோலில் ஒட்டும் அச்சுப் பிரதியை மொழியறிந்த மற்றொருவரைக் கொண்டு வாசித்துப் பார்த்தல் வேண்டும். கண்ணாடியில் பார்த்து வாசிக்கலாகாது. லேசர் சிகிச்சை மூலம் அழிக்கலாம் என்ற ஆறுதலும் அவ்வளவு பலமானதன்று. அதற்குப் பல தவணைகள் தேவை. பச்சை, நீல நிறங்கள் எளிதில் போவதில்லை. கருநிறத் தோலில் வெண் திட்டுகள் எஞ்சக்கூடும்.

நாளைத் தெரிவு செய்வதில்தான் பலரும் தவறுகின்றனர். விடுமுறையின் முதல் நாளில் குத்திவிட்டு மறுநாள் கடலில் இறங்குவது உல்லாசப் பயணிகளிடம் காணப்படும் வழக்கம். மெக்சிக்கோ வளைகுடாவில், குத்தி ஐந்து நாட்களின் பின் நீந்திய 31 வயது நபரொருவர், கடல்நீரிலிருந்த பக்டீரியா காயத்தினூடாகப் புகுந்ததனால் இறந்தமை 2017 இல் மருத்துவ சஞ்சிகையொன்றில் பதிவாகியது. அவருக்கு ஏற்கெனவே ஈரல் நோய் இருந்தது. காயம் ஆற இரண்டு, மூன்று வாரங்களாவது செல்லும். அதுவரை கடல், குளம், நீச்சல் தடாகம் எதுவும் கூடாது. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் நீராட எண்ணியிருப்பவர் அதற்கேற்ப நாளைக் குறித்தல் வேண்டும்.

குத்தும் நாளில் வெறும் வயிற்றுடன் செல்லலாகாது. மயக்கம் வருவது பெரும்பாலும் அதனால்தான். முதல் நாளிலிருந்தே மதுபானம் தவிர்க்கப்பட வேண்டும். போதையில் வருபவரை நல்ல நிலையத்தார் திருப்பி அனுப்பிவிடுவர். வலியைக் குறைப்பதற்கென இணையத்தில் விற்கப்படும் சில களிம்புகளில் லிடோகெயின் அளவுக்கு மீறி இருப்பதாகவும், பரந்த இடத்தில் பூசினால் இதயத்துடிப்பே பாதிக்கப்படலாம் எனவும் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2024 மார்ச்சில் எச்சரித்தது. காய்ச்சலோ, குத்தும் இடத்தில் பருவோ இருப்பின் தவணையை மாற்றிக்கொள்ளலாம். முற்பணம் திரும்பக் கிடைக்காத நிலையங்களும் நாள் மாற்றத்துக்கு வழமையாக இடமளிக்கின்றன.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குக் குத்துவது பிரித்தானியாவில் 1969 ஆம் ஆண்டின் சட்டத்தினால் குற்றமாக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளுக்கு மருதாணி போதுமென எண்ணும் பெற்றோரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உண்மையான மருதாணி செம்மண் நிறத்தையே தரும்; சிவக்கப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். பெருநாளிலும் திருமண வீட்டிலும் ஒரு மணித்தியாலத்தில் கன்னங்கரேலெனப் பிடிப்பது 'கறுப்பு மருதாணி'. தலைமயிர்ச் சாயத்தில் இடும் பி.பி.டி. என்னும் இரசாயனம் அதில் கலக்கப்பட்டிருக்கும். கொப்புளமும் தழும்பும் ஒருபுறமிருக்க, ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவர் பிற்காலத்தில் தலைக்குச் சாயம் பூசும்போதும் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

குத்திய பின்னர் பல நாடுகளின் இரத்த வங்கிகள் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம் வரை, இரத்த தானத்தை ஏற்பதில்லை. ஊசியின் சுத்தம் பற்றிச் சந்தேகம் எழுந்தால் மறுநாளே பரிசோதித்து, தொற்று இல்லையென ஆறுதலடைதல் கூடாது. ஹெபடைடிஸ் பி வெளிப்பட 30 முதல் 180 நாட்கள் வரை செல்லக்கூடும். ஆனால், தடுப்பூசி ஏற்றாதவர் அதனைப் பெற வைத்தியரிடம் செல்வதாயின் முதல் 24 மணித்தியாலங்களுக்குள் செல்வதே பயனுள்ளது. எச்.ஐ.வி. பரிசோதனையை அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் கட்டணமின்றியும் இரகசியமாகவும் செய்துகொள்ளலாம்.