வண்டியிலே பாட்டு, வழியிலே காது!

நடுநிசி. ஊர் உறங்குகிறது. சாலையில் மட்டும் "கிண் கிண்" என்று மணிச் சத்தம் கேட்கிறது.

பத்துப் பன்னிரண்டு மாட்டு வண்டிகள் வரிசையாகப் போகின்றன. வண்டி நிறைய நெல் மூட்டை. விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேரவேண்டும். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. பின்னால் வரும் வண்டிக்காரர்கள் மூட்டையின் மேல் சாய்ந்து கண் அயர்ந்துவிட்டார்கள். முதல் வண்டிக்காரர் மட்டும் தூங்கவில்லை. தெம்மாங்கு பாடிக்கொண்டு போகிறார்.

அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டுச் சாலைகளில் இது அன்றாடக் காட்சி.

அவர் பாடியது பொழுது போவதற்காக மட்டும் அல்ல, தூக்கத்தை விரட்டுவதற்காகவும்தான். மாட்டின் கழுத்தில் மணி கட்டியது அழகுக்காக மட்டும் அல்ல. இருட்டில் எதிரே வருகிறவருக்கு அது எச்சரிக்கை. மாடு நின்றால் மணி ஓசையும் நிற்கும். ஓசை நின்றால், தூங்குகிற வண்டிக்காரர் விழித்துக்கொள்வார்.

பாட்டு ஒரு காவல். மணி ஒரு காவல். இரண்டையும் கேட்கிற காதுதான் பெரிய காவல்.

இன்று மாட்டு வண்டி அருகிவிட்டது. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஆனால் வழியிலே எதையாவது கேட்டுக்கொண்டே போகவேண்டும் என்ற ஆசை மட்டும் மாறவில்லை. அந்த ஆசை வளர்ந்த கதை சுவையானது. அதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

காரில் ஏறிய ரேடியோ

அமெரிக்காவில் சிகாகோ நகரம். பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற அண்ணன் தம்பி இருவர் 1928-ல் ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். முதல் எவ்வளவு தெரியுமா? 565 டாலர்தான்.

மறு ஆண்டே அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. வியாபாரம் படுத்துவிட்டது. கம்பெனியை மூடாமல் இருக்க ஏதாவது புதிதாகச் செய்தாகவேண்டும். "காரில் ரேடியோ வைத்தால் என்ன?" என்று யோசித்தார்கள்.

அப்போது கார் ரேடியோ மிகவும் அபூர்வம். விலையும் அதிகம். எஞ்சினில் எழும் மின்பொறி ரேடியோவில் "கரகர" என்று இரையும். பாட்டைவிட இரைச்சல்தான் பலமாகக் கேட்கும். அந்த இரைச்சலை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

1930 ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டி என்ற ஊரில் ரேடியோ உற்பத்தியாளர் மாநாடு நடந்தது. பால் கால்வினுக்கு உள்ளே கடை இல்லை. அவர் என்ன செய்தார்? மண்டபத்துக்கு வெளியே காரை நிறுத்தினார். ரேடியோவை உரக்கப் பாடவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆர்டர்களும் கிடைத்தன!

அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் "மோட்டரோலா". 1947-ல் கம்பெனிக்கும் அதுவே பெயராயிற்று.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. "வண்டி ஓட்டுகிறவன் பாட்டுக் கேட்டால் கவனம் சிதறாதா? தூக்கம் வராதா?" என்று அப்போதே கேட்டார்கள். தடை போடவேண்டும் என்றுகூடப் பேச்சு எழுந்தது. தூக்கத்தை விரட்ட நம் வண்டிக்காரர் பாடினார். பாட்டால் தூக்கம் வரும் என்று அங்கே பயந்தார்கள். என்ன வேடிக்கை!

வண்டியின் குரலே பாட்டு

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பலருக்கு வேறு பாட்டே வேண்டாம். எஞ்சின் சத்தமே சங்கீதம்.

சென்னை திருவொற்றியூரில் 1955-ல் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. அங்கே உருவான "புல்லட்" வண்டியின் "டுப் டுப்" ஓசையைக் கேட்டால், தெருமுனையில் வரும்போதே இன்னார் வருகிறார் என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். அடுப்பில் தோசைக்கல் ஏறிவிடும்!

அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் வண்டிக்கும் தனிக் குரல் உண்டு. அதன் இரண்டு சிலிண்டர்களும் சமமான இடைவெளியில் வெடிப்பதில்லை. ஒன்று வெடித்ததும் அடுத்தது சற்று முந்திக்கொள்ளும். பிறகு சற்று நேரம் மௌனம். நொண்டிக் குதிரை நடப்பது போன்ற தாளம். அந்த ஓசை தங்களுக்கே சொந்தம் என்று பதிவு செய்ய 1994-ல் அந்தக் கம்பெனி மனுப் போட்டது. மற்றக் கம்பெனிகள் எதிர்த்தன. ஆறு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2000-ல் மனு திரும்பப் பெறப்பட்டது.

எஞ்சின் சத்தம் இனிமைக்கு மட்டும் அல்ல. வண்டிக்கு நோய் வந்தால் அதுதான் முதலில் சொல்லும். வால்வு இடைவெளி கூடினால் "டக் டக்" என்று தட்டும். சங்கிலி தளர்ந்தால் சலசலக்கும். அனுபவம் உள்ள மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன்பே காதைக் கொடுத்துக் கேட்பார். வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான் அது.

ஒருவருக்கு ஒரு பெட்டி

1979 ஜூலை 1-ந் தேதி ஜப்பானில் சோனி கம்பெனி "வாக்மேன்" என்ற சிறு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான மசாரு இபுகா நெடுந்தூர விமானப் பயணங்களில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டார். அந்த ஆசையில் பிறந்த கருவி அது.

முதல் வாக்மேனில் ஒரு புதுமை இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள். கூடவே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பாட்டு தணியும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். தனியாகப் பாட்டுக் கேட்பவன் பக்கத்தில் இருப்பவரை மறந்துவிடுவானே என்ற கவலை, விற்றவர்களுக்கே இருந்தது!

ஆனால் மக்கள் தனியாகக் கேட்பதையே விரும்பினார்கள். பின்னால் வந்த பெட்டிகளில் அந்தப் பொத்தான் மறைந்தது.

தமிழ்நாட்டில் கேசட் காலத்தில் லாரிகளும் பஸ்களும் பாடத் தொடங்கின. 1976-ல் "அன்னக்கிளி" படத்தில் அறிமுகமான இளையராஜாவின் பாட்டுகள்தான் இரவுப் பயணத்தில் எத்தனையோ டிரைவர்களுக்கு வழித்துணை.

இப்போது பாட்டு தலைக்கவசத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. இரண்டு சிறு ஒலிபெருக்கிகள் காதோரம் ஒட்டிக்கொள்கின்றன. கம்பி இல்லை. "புளூடூத்" என்ற வானொலித் தொடர்பு போதும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்டு என்ற அரசரின் பட்டப் பெயர் அது. நீலப்பல் என்று பொருள்!

சிலர் பழைய சினிமாப் பாட்டுக் கேட்கிறார்கள். சிலர் கிரிக்கெட் வர்ணனை கேட்கிறார்கள். கூட்டமாகப் போகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள். "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்புங்கள்" என்று வழி சொல்லும் குரலும் அதிலே வருகிறது.

பார்க்கப் போனால், எல்லாம் நல்லதுதானே? அங்கேதான் கவனம் வேண்டும்.

காற்று என்ற எதிரி

மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகும்போது காதுக்கு முதல் எதிரி காற்று. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டினால், தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சல் ஏறக்குறைய 100 டெசிபல் ஆகிவிடும். டெசிபல் என்பது ஓசையை அளக்கும் அளவு.

காது எவ்வளவு தாங்கும்? தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிலையம் ஒரு கணக்குச் சொல்கிறது. 85 டெசிபல் ஓசையை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. இப்படியே போனால், 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான்!

காற்று இரையும்போது பாட்டுக் கேட்கவேண்டுமானால் என்ன செய்வார்கள்? அதைவிட உரக்க வைப்பார்கள். பட்ட காலிலே படும் என்பது போல, நொந்த காதுக்கு இன்னும் ஓர் அடி!

உட்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் உண்டு. ஓசையை மூளைக்கு எடுத்துச் சொல்பவை அவைதான். தலைமுடி உதிர்ந்தால் முளைக்கும். இவை அழிந்தால் மறுபடி முளைக்காது. இழந்த செவி இழந்ததுதான்.

அதனால் நெடுந்தூரம் போகும் அனுபவசாலிகள் மெத்தென்ற நுரை அடைப்பானைக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். காது அடைத்தால் ஹாரன் கேட்காதே என்று நினைக்கலாம். அடைப்பான் காற்றிரைச்சலையும் குறைக்கிறது. இரைச்சல் தணிந்ததும் ஹாரனும் எஞ்சினும் தெளிவாகக் கேட்கின்றன. பாட்டு அப்படி அல்ல. அது இரைச்சலோடு இரைச்சலாகச் சேர்ந்து ஹாரனை மூடிவிடும்.

பாட்டின் வேகம், வண்டியின் வேகம்

இன்னொரு விஷயமும் உண்டு. இஸ்ரேலில் பென் குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரன் பிராட்ஸ்கி ஒரு சோதனை நடத்தினார். மாணவர்களைப் பாட்டுக் கேட்டபடி, கார் ஓட்டுவது போன்ற மாதிரி எந்திரத்தில் ஓட்டச் சொன்னார். முடிவு 2002-ல் வெளியாயிற்று. துரித தாளப் பாட்டு ஓடியபோது வண்டியின் வேகமும் கூடியது. சிவப்பு விளக்கைத் தாண்டிப் போவதும் கூடியது. கை தாளத்துக்கு ஆடினால் பரவாயில்லை. வண்டி ஆடலாமா?

இதனால்தான் சில நாடுகள் சட்டமே போட்டுவிட்டன. பிரான்சில் 2015 ஜூலை 1 முதல், வண்டி ஓட்டுகிறவர் காதுக்குள் ஒலிக்கருவி மாட்டக்கூடாது. சாதாரண சைக்கிளுக்கும் இது பொருந்தும். மீறினால் 135 யூரோ அபராதம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டு காதிலும் மாட்டக்கூடாது. ஆனால் மோட்டார் சைக்கிள்காரர் இரைச்சலைத் தடுக்கும் அடைப்பான் வைத்துக்கொள்ளலாம். ஹாரனும் சைரனும் கேட்கவேண்டும் என்பதே நிபந்தனை.

நம் நாட்டில் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். விபத்துக்கு எத்தனையோ காரணம் உண்டு. ஆனால் தப்பிக்க உதவும் புலன்களில் ஒன்றை நாமே அடைத்துக்கொள்ளலாமா?

கண்ணுக்கு முன்புறம்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் வரும் லாரியை முதலில் அறிவது காதுதான்.

வழியிலே பாட்டு வேண்டாம் என்பதில்லை. டீக்கடையில் வண்டியை நிறுத்தி, ஒரு டீ குடித்தபடி இரண்டு பாட்டுக் கேட்கலாம். வழி சொல்லும் குரல் தேவையானால் தணிவாக வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

மகன் வண்டியை எடுக்கும்போது, "ஹெல்மெட் போட்டாயா?" என்று தாய் கேட்கிறாள். இனி இன்னொன்றும் கேட்கட்டும்: "காதைத் திறந்து வைத்திருக்கிறாயா, தம்பி?"

அன்றைய வண்டிக்காரர் பாடினார். ஆனால் மாட்டின் மணி நின்றதும் விழித்துக்கொண்டார். பாட்டும் இருந்தது; காதும் இருந்தது. அதனால் மூட்டையும் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. அவரும் வீடு திரும்பினார்.