ஆபரேஷனுக்கு முன் சவரக்கத்தி ஏன் கூடாது?

முதல் நாளே மழித்துவிட்டால் சுத்தம்தானே என்பீர்கள். இல்லை.

தோலை ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழு சுற்று மதிலாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கிருமிகள் எப்போதும் திரியும். மதில் இருக்கும்வரை தொல்லையில்லை. சவரக்கத்தியோ கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு திட்டிவாசல்! இரவெல்லாம் அங்கே கிருமிகள் பெருகும்.

அதனால்தான் 2016இல் உலக சுகாதார நிறுவனம், சவரம் வேண்டாம், அவசியமானால் கிளிப்பரால் முடியைக் கத்தரித்தால் போதும் என்றது. ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால், அதுவும் கத்தி வைப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள்.

திருச்சி அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் முடித்து வீடு திரும்பிய பிறகும் சீழ் பிடிக்கலாம். வார்டோடு கணக்கை மூடினால் அது ஏட்டில் ஏறாது. ஆகவே 30 நாள் கண்காணிப்பு. செயற்கை மூட்டு பொருத்தியிருந்தால் 90 நாள்.

தையல் சிவந்து சூடானால் மஞ்சள் பற்றுப் போடாதீர்கள். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்டுங்கள்.