வீட்டு விலங்கும் நோயாளியும்: விலக்குவதற்கு முன் கேளுங்கள்

புற்றுநோய் மருந்தேற்றத்துக்கோ உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைக்கோ நாள் குறிக்கப்பட்டதும், சில குடும்பத்தினர் எங்களிடம் தயக்கத்துடன் ஒன்றைக் கேட்கின்றனர்: "வீட்டில் நாய் இருக்கிறது, அதை என்ன செய்வது?" இவ்வாறு கேட்பவர்களை நாங்கள் வரவேற்கிறோம். வேறு சிலரோ கேட்காமலேயே தாம் வளர்த்த விலங்கை யாரிடமாவது கொடுத்துவிடுகின்றனர். இன்னும் சிலர், சொன்னால் மருத்துவர் தடுத்துவிடுவார் என அஞ்சி மறைத்துவிடுகின்றனர். இரண்டுமே நோயாளிக்கு நன்மை தருவன அல்ல. முதலாவதில், துணை மிகவும் தேவைப்படும் காலத்தில் ஒரு துணை பறிபோகிறது. இரண்டாவதில், காய்ச்சலின் காரணத்தைத் தேடும் மருத்துவருக்கு முக்கியமான தடயம் ஒன்று கிடைக்காமல் போகிறது.

பெரும்பாலான நோயாளிகள் தாம் வளர்க்கும் விலங்கைப் பிரிய வேண்டியதில்லை. எந்த விலங்கு, அதன் பராமரிப்பு யாருடைய பொறுப்பு, எந்த நாள்களில் விலகியிருப்பது ஆகிய மூன்றையும் முறைப்படுத்திக்கொண்டால் போதும்.

புதிதாக வாங்கும் முன்

தனிமையில் இருக்கும் முதியவருக்கு அன்பளிப்பாக ஒரு நாய்க்குட்டியை வாங்கித் தருவது இன்று பரவலாகிவருகிறது. நல்ல எண்ணமே எனினும், பெறுபவரின் உடல்நிலையை அறியாமல் தருவது இருவருக்கும் சுமையாகும். குட்டி கடிக்கும், கீறும், காலைச் சுற்றி ஓடும். எலும்பு வலுவிழந்தவர் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிய அது ஒன்றே போதும். குணம் அறியப்பட்ட, வளர்ந்த நாயே இத்தகைய வீட்டுக்கு ஏற்றது. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு இனங்கள் வெப்பத்தைத் தாங்குபவை. ஆயினும் அவை ஓடித் திரிய இடமும், கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்ல உடல்வலுவும் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் வாழும் நோயாளிக்கு அவை பொருந்தா.

ஆயுளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஹாம்ஸ்டர் 2 முதல் 3 ஆண்டுகளே வாழும். நாய் பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேலும், பூனை 15 ஆண்டுகள் வரையும், சிவப்புக் காது ஆமை 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். ஆப்பிரிக்கச் சாம்பல்நிறக் கிளி 40 ஆண்டுகளையும் கடக்கும். நோயாளி மருத்துவமனையில் சேரும் நாள்களிலும் அதன் பின்னரும் பொறுப்பேற்பவர் யார் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

சட்டத்தையும் மறக்கலாகாது. வீடுகளில் கூண்டிலடைத்து வளர்க்கப்படும் பச்சைக்கிளியும், அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி வாங்கப்படும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றமாகும். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுக் கிளிகள், உடும்பினங்கள், மலைப்பாம்புகள் ஆகியவற்றை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். லவ் பேர்ட்ஸ் எனப்படும் சிறு கிளிகளை வளர்க்கத் தடையில்லை.

எந்த விலங்கில் எதைக் கவனிப்பது

மீன் தொட்டியே நோயாளி இல்லத்துக்கு மிக எளிய தேர்வு. உரோமமில்லை, கடியில்லை, ஒவ்வாமை அரிது. எனினும் கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டி நீரில் கை வைத்தால், மைக்கோபாக்டீரியம் மரைனம் என்னும் நுண்ணுயிர் புகுந்து, எளிதில் ஆறாத புண்ணை உண்டாக்கலாம். கையுறை அணிந்தே சுத்தம் செய்ய வேண்டும். இயன்றால் நோயாளியைத் தவிர்த்து வேறொருவர் செய்வது நலம். நீர் முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், நான்கில் ஒரு பங்கை மாற்றினால் மீன்களும் நலமாக இருக்கும்.

பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி வெளியேறக்கூடும். அது தொற்றும் தன்மையை அடைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தாலே ஆபத்து பெரிதும் குறையும். கருவுற்ற பெண்களும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அவ்வேலையைச் செய்யக் கூடாது. பூனையை வெளியே அலையவிடாமலும், பச்சை இறைச்சி கொடாமலும் வளர்த்தால் அதற்கே இந்தத் தொற்று வரும் வாய்ப்பு குறைகிறது.

பறவைக் கூண்டின் உலர்ந்த எச்சத்தூள் சுவாசத்துக்குப் பகை. கிளிக்காய்ச்சல் என வழங்கும் சிட்டகோசிஸ் அத்தூளின் வழியே பரவும். புறா எச்சத்தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு ஒவ்வாமையால் நுரையீரல் தடித்துச் சுருங்குவதும் உண்டு. நீண்ட நாள் வறட்டிருமலுடன் வருபவர்களிடம், பால்கனியில் புறாக்கள் அடைகின்றனவா என்று மருத்துவர்கள் கேட்பது அதனாலேயே. கூண்டை நீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசம் அணிந்து, நோயாளி இல்லாத இடத்தில் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆமை, ஓணான் இனங்கள், பாம்பு ஆகியவை நோயின்றித் தோன்றும் நிலையிலும் சால்மோனெல்லாவைச் சுமப்பவை. 4 அங்குலத்துக்கும் சிறிய ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. அவற்றைக் குழந்தைகள் வாயில் வைத்து நோயுற்றதே காரணம். தெருவில் விற்கப்படும் வண்ணம் பூசிய கோழிக்குஞ்சுகளாலும் இதே தொற்று வரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளியோ உள்ள வீட்டில் இவற்றை வளர்க்க வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. வேண்டாமென முடிவு செய்தபின் ஆமையையோ மீனையோ ஏரி குளங்களில் விடாதீர்கள். அங்குள்ள உயிரினங்களுக்கு அவை கேடு விளைவிக்கும். விற்ற கடையிடமோ பொறுப்பேற்கக்கூடிய மற்றொருவரிடமோ ஒப்படையுங்கள்.

நோய்க்கேற்ற கவனம்

உறுப்பு மாற்று பெற்றவர்கள் முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை புதிய விலங்கை வாங்காமலிருப்பது நலம். ஏற்கெனவே உள்ள நாய், பூனையுடன் தூய்மை விதிகளைக் கடைப்பிடித்து வாழலாம். புற்றுநோய் மருந்தேற்றத்துக்குப் பின் வெள்ளணுக்கள் குறையும் நாள்களில் முகத்தை நக்கவிடுதல், ஒரே படுக்கையில் உறங்குதல், எச்சம் அள்ளுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அந்நாள்கள் எவை என்பதை உங்கள் மருத்துவரே சொல்லுவார்.

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் திரவம் மாற்றும் அறைக்குள் எந்த விலங்கையும் விடவே கூடாது. குழாயைப் பூனை கடித்ததால் வயிற்றறையில் தொற்று ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. நீரிழிவால் பாத உணர்வு குன்றியவர்களுக்கு நகக்கீறல் பட்டதே தெரியாது. அவர்கள் இரவுதோறும் பாதங்களைப் பார்க்க வேண்டும், புண்ணை நாய் நக்க இடந்தரக் கூடாது. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு நாய்க்கடி விரைவிலேயே இரத்தத்தில் நச்சுத்தொற்றை உண்டாக்கலாம். கடி சிறிதாயினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர்கள், உரோமம் உதிராத இனம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஒவ்வாமைப் பொருள் விலங்கின் உமிழ்நீரிலும் தோல் துகளிலும் உள்ளது. வாங்கும் முன் அவ்விலங்கு உள்ள வீட்டில் சில மணி நேரம் இருந்து பாருங்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் படுக்கையறையையேனும் அதற்கு மூடிவையுங்கள்.

நோயாளியின் மருந்துகள் விலங்குக்கு ஆபத்தாவதும் உண்டு. கீழே விழுந்த ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். மருந்துப் பெட்டியை மூடி, உயரத்தில் வையுங்கள்.

அன்றாட ஒழுங்கு

தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் எல்லாவற்றினும் முதன்மையானது. கால்நடை மருத்துவரிடம் ஆண்டுதோறும் காட்டுதல், நாய்க்கு மூன்று மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி தொடங்கி உரிய காலத்தில் தொடர்தல், எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி ஒழிப்பு ஆகியன அடுத்தவை. பூனைக்கும் ரேபிஸ் தடுப்பூசி தேவை என்பதைப் பலர் அறிவதில்லை. வயிற்றுப்போக்குள்ள விலங்கை நோயாளி தொடாமல் இருக்க வேண்டும்.

கடித்தால், கீறினால்

ஓடும் நீரில் சோப்பிட்டு முழுமையாக 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் தடவாதீர்கள். அதன்பின் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்கு வாருங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இனித் தேவையில்லை. இன்று கையில் தோலினுள் சிறிதளவே போடப்படுகிறது. முதல் ஊசி நாளிலிருந்து எண்ணி 3, 7, 28 ஆகிய நாள்களில் அது தொடர்கிறது. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குத் தசையில் ஐந்து ஊசிகளும், சிறு கீறலாயினும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். ஆகவே உங்கள் நோயையும் உண்ணும் மருந்துகளையும் தவறாமல் கூறுங்கள். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே என்று காத்திருக்க வேண்டாம். ரேபிஸ் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது மருந்துச்சீட்டுடன், வீட்டில் வளரும் விலங்கு எது, அதன் தடுப்பூசி நாள் எது என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள். நீண்ட நாள் உள்நோயாளியாகத் தங்க நேர்ந்தால், அதற்கு உணவிடுபவர் யார் என்பதையும் செவிலியரிடம் தெரிவியுங்கள். அந்தக் கவலை தீர்ந்தால் நோயாளியின் உறக்கமும் சீராகும் என்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.