உடைக்க இருந்த சிவப்புத் தரை

எங்கள் வீடு சங்கரன்கோவிலில் இருக்கிறது. 1971-ல் மாமனார் கட்டியது. முன்கட்டு முழுவதும் சிவப்பு சிமெண்ட் தரை, ஓரத்தில் கறுப்பு பார்டர். 1988-ல் நான் மருமகளாக வந்தபோது தரையில் முகம் பார்க்கலாம், அப்படி இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அத்தை தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள்.

பிறகு பிள்ளைகள், வேலை, தரையில் அங்கங்கே கீறல். 2004-ல் நான்தான் பூப்போட்ட ஷீட் வாங்கிப் பசை போட்டு ஒட்டச் சொன்னேன். நாளாக நாளாக அதன் ஓரம் சுருண்டு தூக்கிக் கொண்டது. 2024 ஆடித்தபசுக்கு வீடு நிறைய விருந்தாளிகள். காபி டம்ளரோடு வந்த அத்தை அந்த ஓரத்தில் கால் தட்டி விழுந்ததில் மணிக்கட்டில் எலும்பு முறிவு. அவர்களுக்கு வயது 82. ஆறு வாரம் மாவுக்கட்டோடு அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், "ஒட்டச் சொன்னவள் நானல்லவா" என்று மனசு குத்தும்.

"எல்லாத்தையும் உடைச்சிட்டு டைல்ஸ் போட்டிருவோம்" என்றார் என் கணவர். அத்தை அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி என்னிடம் மட்டும், "ஏளா, உங்க மாமா கொத்தனார்கூடவே உக்காந்து போட்ட தரை. உடைக்க முன்னால கீழ என்ன இருக்குன்னு ஒரு தடவ பாத்துருங்க" என்றார்கள்.

வயதான கொத்தனார் ஒருவரை அழைத்தேன். ஷீட்டை ஒரு பக்கம் உரித்து, ஒரு ரூபாய்க் காசால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். "ரெண்டு இடத்துலதாம்மா வெத்துச் சத்தம் கேக்கு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி கிடக்கு. உடைக்காதீய" என்றார். கீழே கான்கிரீட், அதன்மேல் சிமெண்ட் கலவை, அதற்கும் மேலே சிமெண்டும் ரெட் ஆக்சைடு பொடியும் சேர்த்து மெல்லிய பூச்சு. ஈரம் காயுமுன் இரும்புக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்தே பளபளப்பு ஏற்றுவார்களாம். அந்தப் பொடி இரும்புத் துரு இனம்தான். அதனால் வெயில் பட்டாலும் நிறம் வெளுப்பதில்லை. செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டும் நிறப்பொடியும்தான். சூளையில் சுடுவது கிடையாது.

அவர் வேலைக்கு வருமுன் நான் ஒரு அவசரக் காரியம் செய்தேன். பசை போகட்டும் என்று, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஒரு மூலையில் ஊற்றிவிட்டேன். பொசுபொசுவென்று நுரைத்தது. கழுவிப் பார்த்தால் பசை அப்படியே இருக்கிறது, சிவப்புதான் போய்விட்டது! ஆசிட் சிமெண்டையே அரித்துவிடும் சகோதரிகளே. அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்கவே கூடாது.

பிறகு முறைப்படி செய்தோம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சாக்கைப் பசை மேல் அரை மணி நேரம் போட்டு வைத்தால் இளகிவிடுகிறது. பட்டி பார்க்கும் தகட்டைப் படுக்கவைத்துச் சுரண்டினோம். பழைய மெழுகுக் கறையை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தோம். அப்போது ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும். அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது. துடைத்த துணியையும் வெளியே விரித்துக் காயப் போட வேண்டும். வெத்துச் சத்தம் கேட்ட இடங்களைக் கொத்தி எடுத்து, சிமெண்டும் சிவப்புப் பொடியும் கலந்து அடைத்து, ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்தோம்.

2025 பொங்கல் கழிந்து பாலிஷ் மிஷின் வந்தது. மொசைக் தரைக்குப் போடும் கரட்டுக் கல்லை இதற்குப் போடக் கூடாது. மேல்பூச்சு மெலிசு, நிறமே கரைந்து போகும். மெல்லிய கல்லாகப் போடச் சொல்லி, முதலில் கட்டில் கிடக்கும் மூலையில் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் ஓட்ட விட்டேன். தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். காய்ந்த சிமெண்ட் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அந்தக் குழம்புத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் குழாயிலேயே இறுகிக்கொள்ளும். வாளியில் அள்ளி வைத்து, தெளிந்தபின் அடிமண்டியைத் தனியாகக் கொட்டினோம்.

கடைசியாகத் தேங்காய் எண்ணெய். பளபளக்க வேண்டும் என்று தாராளமாக ஊற்றினால் வழுக்கும். பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. துணியில் சில சொட்டு விட்டுத் தேய்த்து, சற்று ஊறியதும் காய்ந்த துணியால் கையில் பிசுபிசுப்பு ஒட்டாதவரை துடைக்க வேண்டும். படிக்கட்டு, குளியலறைப் பக்கம் எண்ணெயே வேண்டாம்.

டைல்ஸுக்குச் சொன்ன தொகையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எல்லாம் முடிந்ததும் அத்தையைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தேன். சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடந்தார்கள். நான் ஆசிட் ஊற்றிய மூலை மட்டும் இன்னும் வெளுத்துத்தான் கிடக்கிறது. "அதையும் சரி பண்ணச் சொல்லட்டுமா அத்தை?" என்றேன். "கிடக்கட்டும்ளா, அங்க அரிசிப் பானைய வச்சா ஆச்சு" என்றார்கள்.

பழைய தரையை உடைக்க நினைக்கும் சகோதரிகள், முதலில் ஒரு காசால் தட்டிப் பாருங்கள். ஓரம் தூக்கிய ஷீட் இருந்தால் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

— ஒரு வாசகி, சங்கரன்கோவில்